ஒஃப்செட் ஏன் பொருந்துதில்லை?

தம்பி, ரொறன்ரோவில் டக்ட் (வீட்டுக்குக் காற்றுக் கொண்டுபோகிற தகரக் குழாய்) செய்யிற ஷொப் ஒன்றில் சேர்ந்து மூன்று மாதம், நேர் டக்ட் மடிக்க வருது, ஒஃப்செட் மட்டும் ஒருக்காலும் பொருந்துதில்லை, பிழை கணக்கிலா கையிலா என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் இரண்டிலும் இல்லை. அளவெடுத்த இடத்திலதான்.

ஒஃப்செட் என்பது ஒரே அளவான இரண்டு டக்ட், நேர்கோட்டில் இல்லாமல் விலகி நிற்கும்போது அவற்றைச் சேர்க்கிற துண்டு. விலகலை எப்பவும் ஒரே விளிம்பிலிருந்து எடுங்கள்: மேல்விளிம்புக்கு மேல்விளிம்பு. ஒன்றின் மேலிலிருந்து மற்றதன் கீழுக்கு எடுத்தால் டக்டின் உயரமும் சேர்ந்துவிடும். இரண்டு பக்கமும் தனித்தனியே அளந்து பாருங்கள். பேஸ்மென்ட் டக்ட் நேராகத் தொங்குவது அபூர்வம். எங்கட ஊர் மில்லிமீற்றரை இங்கே மறக்கவேணும். சைட்டில் அங்குலமும் 1/16உம்தான். தசமத்தை 16ஆல் பெருக்கினால் போதும்: 0.39 × 16 ஏறக்குறைய 6, அதாவது 3/8.

ஒரு உதாரணம். அகலம் 16, உயரம் 8 அங்குல டக்ட், பீமுக்குக் கீழே போக 6 அங்குலம் இறங்கவேணும். 30 பாகை எடுப்போம். சரிவின் நீளம் 6 × 2 = 12. அது கிடையாகப் பிடிக்கும் தூரம் 6 × 1.732, அதாவது 10 3/8. 45 பாகை என்றால் சரிவுக்கு 1.414ஆல் பெருக்குங்கள். கிடைத்தூரம் விலகலேதான்.

இனித்தான் எல்லாரும் விழுகிற குழி. டக்ட் என்பது மேல், கீழ், இரண்டு பக்கம் என நாலு தகடு. பக்கத் தகட்டில் மேல்கோடு (மேல் விளிம்பு) வளையும் இடத்துக்கு நேர் கீழேயே கீழ்கோட்டையும் வளைத்தால், பார்க்க அழகாக இருக்கும், சரிவில் டக்ட் ஒடுங்கிவிடும். 8 அங்குலம் 30 பாகையில் 6.9 ஆகும். 45இல் 5.7தான், காற்றுவழியில் கிட்டத்தட்ட 30 சதவீதம் போய்விடும். வளைவுக்கோடு செங்குத்தாக நிற்கக்கூடாது, கோணத்தைப் பாதியாகப் பிரிக்கவேணும். 30 பாகைக்கு உயரத்தை 0.268ஆல், 45க்கு 0.414ஆல் பெருக்குங்கள். இங்கே 8 × 0.268 = 2 1/8. இறங்குகிற ஒஃப்செட்டில் கீழ்கோட்டின் இரண்டு வளைவும் மேல்கோட்டை விட இவ்வளவு முந்தி வரும்.

நேர்த்துண்டின் குறைந்த அளவை 3 அங்குலமாக வைப்போம். கீழ்கோடு: 3 நேர், 12 சரிவு, 3 + 2 1/8, அதாவது 5 1/8 நேர். மேல்கோடு: 5 1/8, 12, 3. இரண்டும் 20 1/8. மேல், கீழ்த் தகடுகள் ஒரே நீளம், தலைமாற்றிப் போடுவதுதான் வித்தியாசம். துண்டின் மொத்த நீளம் 18 1/2. கூட்டிப் பாருங்கள்: 3 + 2 1/8 + 10 3/8 + 3.

மடிப்புக்கு விடுகிற அளவு தனி. பிட்ஸ்பேர்க் பொக்கெற்றை (பக்கத் தகட்டின் மடிப்பு செருகுகிற, மெஷினில் உருட்டுகிற விளிம்பு) மேல், கீழ்த் தகடுகளில், வளைக்க முன்னமே, தட்டையாக இருக்கும்போதே உருட்டுங்கள். பக்கத்துக்கு ஏறக்குறைய 1 அங்குலம் போகும், மெஷினுக்கு மெஷின் மாறும். கழிவுத் துண்டொன்றை ஓட்டி அளந்துவிட்டு வெட்டுங்கள். பக்கத் தகட்டின் மேலும் கீழும் 1/4 அங்குலம் மடிப்பு. டக்ட் துண்டுகளை நுனியோடு நுனி சேர்க்க இரண்டு வகைத் தகரப் பட்டி உண்டு, டிரைவ் கிளீற், எஸ் கிளீற். டிரைவ் கிளீற் 8 அங்குலப் பக்கத்தில், மடித்த நுனியில் போவதால் பக்கத் தகட்டின் இரு நுனியிலும் 1/2 சேர்த்து 19 1/2 ஆக வெட்டுங்கள். 16 அங்குலப் பக்கத்தில் எஸ் கிளீற், அந்த நுனிக்கு ஒன்றும் சேர்க்கத் தேவையில்லை.

1/4 மடிப்பு வளைவு மூலையில் அடம்பிடிக்கும். வெளியே துருத்துகிற மூலையில் தகரம் கூடிப்போகும், சின்ன வி வெட்டு போடுங்கள். உள்ளே குழிகிற மூலையில் பற்றாது, ஒரு கீறல் வெட்டு போதும். தகட்டை வளைத்ததும் அந்த இடத்துப் பொக்கெற் நசிந்து மூடிக்கொள்ளும். பக்கத் தகட்டைச் செருக முன் ஸ்க்ரூடிரைவரால் திறந்துவிடுங்கள். இல்லாவிட்டால் சுத்தியலால் அடித்து அடித்து மூலை கிழியும்.

இன்னொரு பெரிய நட்டம்: இரண்டு இடப்பக்கம் செய்வது. இரண்டு பக்கத் தகடும் ஒரே வடிவம், ஆனால் மடிப்பு எதிரெதிர்த் திசை. வெட்டின உடனே ஒன்றைப் புரட்டிப்போட்டு, இரண்டிலும் "உள்" என்று மார்க்கரால் எழுதிவிட்டுப் பிறகு மடியுங்கள். முதல் நாலைந்தைக் காட்போர்ட்டில் வெட்டிப் பாருங்கள். தகரம் வீணாகாது, கையும் வெட்டுப்படாது. சிவப்புப் பிடிக் கத்தரி இடப்பக்கம் வளைந்து வெட்டும், பச்சை வலப்பக்கம். மாறி எடுத்தால் உள்மூலையில் கோடு தாண்டிப் போய்விடும்.

நீங்கள் கேட்காத ஒன்று. ஒன்ராறியோவில் 308ஏ, அதாவது ஷீற் மெற்றல் வேலை, கட்டாயத் தொழில்: பதிவோ சான்றிதழோ இல்லாமல் செய்யக்கூடாது. ஹெல்ப்பர் என்ற பெயரிலேயே வருசக்கணக்கில் நிற்கவேண்டாம். அப்ரென்டிஸாக, அதாவது தொழில் பயிலுநராக, ஸ்கில்ட் ட்ரேட்ஸ் ஒன்ராறியோ என்ற மாகாண நிறுவனத்தில் பதியச் சொல்லி முதலாளியிடம் இப்பவே கேளுங்கள். வகுப்போடு சேர்த்து 9,000 மணித்தியாலம், ஏறக்குறைய 5 வருசம்.