எரர் இல்லை, டேக்கும் இல்லை

கேள்வி: பிரவுசரில் டாம்பார்சர் (எக்ஸ்எம்எல்லைப் படித்து டாக்குமெண்டாக்கும் கருவி, DOMParser) கொண்டு ஆட்டம் ஃபீட் (தளத்தின் புதிய பதிவுகளைப் பட்டியலிடும் எக்ஸ்எம்எல் கோப்பு, Atom) ஒன்றைப் படிக்கிறேன். எரர் எதுவும் வரவில்லை, ஆனால் எக்ஸ்பாத் (எக்ஸ்எம்எல்லில் எலிமெண்ட்களைத் தேடும் மொழி, XPath) தேடலில் ஒரு என்ட்ரிகூடச் சிக்கவில்லை. வேறு பார்சருக்கு மாறிவிடலாமா?

பதில்: பார்சரை மாற்ற வேண்டாம். டாம்பார்சர், பிழையான எக்ஸ்எம்எல்லைப் பார்த்தால் எக்ஸப்ஷன் தராது. 'பார்சர்எரர்' என்ற எலிமெண்ட் கொண்ட டாக்குமெண்டைத் தரும். பலரும் தடுக்கி விழும் இடம் இது. முதலில் அந்த எலிமெண்டைத் தேடுங்கள். இருந்தால், லிங்க்குகளில் தனியாக நிற்கும் & குறியைச் சந்தேகியுங்கள்; அதை & என்று எழுத வேண்டும். எக்ஸ்எம்எல் அறிவிப்புக்கு (கோப்பின் தொடக்கத்தில் வரும் <?xml …?> வரி) முன்னால் ஒரு காலி வரி இருந்தாலும் பிழைதான்.

பார்சர்எரர் இல்லையென்றால் கோளாறு நேம்ஸ்பேஸில் (எலிமெண்ட் பெயர்கள் எந்தத் தொகுதியைச் சேர்ந்தவை என்று காட்டும் அடையாளம்). ஆட்டம் ஃபீடின் எலிமெண்ட்கள் எல்லாம் ஒரு நேம்ஸ்பேஸுக்குள் இருப்பவை. முன்னொட்டு இல்லாத எக்ஸ்பாத் பெயர் அவற்றோடு பொருந்தாது. எக்ஸ்பாத் தேடலை நடத்தும் 'இவேல்யுவேட்' அழைப்பின் 3வது ஆர்குமெண்டாக, முன்னொட்டு எந்த நேம்ஸ்பேஸைக் குறிக்கிறது என்று சொல்லும் ஒரு ரிசால்வர் ஃபங்ஷனைக் கொடுத்து, 'அ:என்ட்ரி' என்பதுபோல முன்னொட்டுடன் தேடுங்கள்.