ரெப்பர்ட்டரியோடு சேர்ந்த நாடகப் படிப்பு: விண்ணப்பிக்கும் முன்

கேள்வி: தக்கலையில் இருக்கிறேன். வயது 22, பி.காம். முடித்துவிட்டேன். கல்லூரியிலும் ஊர்த் திருவிழாவிலும் நடித்திருக்கிறேன். தொழில்முறை ரெப்பர்ட்டரியோடு சேர்ந்த நாடகப் படிப்பு எங்கே இருக்கிறது? எப்படித் தயாராவது?

பதில்: முழுநேர நடிகர்களை வைத்துக்கொண்டு, சில நாடகங்களைக் கைவசம் வைத்து மாற்றி மாற்றிப் போடுகிற குழுதான் ரெப்பர்ட்டரி. நம் ஊருக்கு இது புதிதல்ல. ஒழுகினசேரி என்.எஸ்.கிருஷ்ணன் தொழில் பழகியது டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் கம்பெனியில். சிறுவர்களைச் சேர்த்துப் பழக்கி நாடகம் போட்ட அந்தக் காலத்து பாய்ஸ் கம்பெனிகளில் பள்ளியும் குழுவும் ஒன்றே. இன்றைக்கு இரண்டும் தனித்தனி. நடுவில் கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்பது இடத்துக்கு இடம் மாறும்.

டெல்லி தேசிய நாடகப் பள்ளி 1959இல் தொடங்கியது. அதன் ரெப்பர்ட்டரி 1964இல். 3 ஆண்டுப் படிப்பு, உதவித்தொகை உண்டு. ஆனால் படித்து முடித்ததுமே ரெப்பர்ட்டரியில் இடம் கிடைத்துவிடாது. இந்தியும் ஆங்கிலமும் புழங்கத் தெரிய வேண்டும். அதே பள்ளியின் பெங்களூரு மையத்தில் தென்மாநிலத்தவருக்கு 1 ஆண்டு நடிப்புப் படிப்பு நடக்கிறது.

பள்ளிக்கும் குழுவுக்கும் நெருக்கம் அதிகமுள்ள இடம் கர்நாடகத்தின் ஹெக்கோடு. அங்கே நீநாசம் நாடகப் பள்ளி 1980இல் வந்தது; ஊர் ஊராகப் போய் நாடகம் போடும் ‘திருகாட்ட’ குழு 1985இல். பள்ளியில் படித்தவர்கள் பலர் அந்தக் குழுவில் நடித்திருக்கிறார்கள். இன்று ராஜா வேடம் கட்டியவர் நாளைக் காலையில் செட்டைப் பிரித்து வண்டியில் ஏற்றுவார். படிப்பு கன்னடத்தில்தான். கன்னடம் துளியும் தெரியாமல் போனால் முதல் சில மாதம் மொழியோடு மல்லுக்கட்டியே போய்விடும்.

திருச்சூர் அரணாட்டுக்கரையில் 1977 முதல் கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளி இருக்கிறது. தக்கலைக்காரருக்கு மலையாளம் காதுக்குப் பழகிய மொழி, ரயிலும் நேராகப் போகிறது. ஆனால் அது பல்கலைக்கழகப் படிப்பு. ரெப்பர்ட்டரி வாழ்க்கையை எதிர்பார்த்துப் போகாதீர்கள். புதுவைப் பல்கலைக்கழக நிகழ்கலைத் துறையும் அப்படித்தான்; ஆசிரியர் வேலை மனதில் இருந்தால் அது நல்ல வழி.

என் யோசனை: முதலில் பெங்களூரு. ஓராண்டில் இந்தத் தொழில் உங்களுக்கு ஒத்துவருமா என்று தெரிந்துவிடும். டெல்லிக்கு வழக்கமான வயது வரம்பு 30 என்பதால் அந்த வாய்ப்பும் கையை விட்டுப் போகாது. எங்கே சேர்ந்தாலும் முன்னாள் மாணவர் ஒருவரைப் பிடித்து, மாணவர்கள் குழுவின் நாடகங்களில் மேடையேறுகிறார்களா, இல்லை திரை இழுப்பதோடு சரியா என்று கேட்டுவிடுங்கள்.

ஆடிஷனில் நம் பக்கத்துப் பிள்ளைகளைக் காட்டிக்கொடுப்பது தொங்கும் மைக். திருவிழா மேடையில் மைக்குக்கு நேர் கீழே வந்து நின்று, வசனத்தை முடித்துவிட்டு நகர்ந்து பழகியிருப்பார்கள். மைக் இல்லாத அறையிலும் அதே இரண்டு அடி முன்னே வருவார்கள். முகமும் தானாக மேலே தூக்கும். இந்தப் பழக்கம் விட்டுப்போக, மைக் இல்லாமல், 40 அடி தள்ளி ஒருவரை உட்காரவைத்து, முதுகைக் காட்டியும் நடந்துகொண்டும் பேசிப் பழகுங்கள். முட்டம் பாறையில் நின்று அலையை மிஞ்சிக் கத்தினால் குரல் வளரும் என்பது வெறும் பேச்சு. தொண்டைதான் கட்டும். நீங்கள் பழக வேண்டியது மூச்சு: தினமும் 20 நிமிடம், வயிறு விரிய இழுத்து, ஒரே சீராக விட்டுக்கொண்டே பேசுங்கள்.

2 அல்லது 3 நிமிடப் பகுதிகள் இரண்டு தயார் செய்யுங்கள், உங்கள் வயதை ஒட்டிய பாத்திரங்களாக. சினிமா வசனம் வேண்டாம். பார்ப்பவர் மனதில் ஏற்கெனவே வேறொரு குரல் ஓடும். நாடகத்தை முழுக்கப் படித்துவிட்டுப் போங்கள். இந்தக் காட்சிக்கு முன்னால் என்ன நடந்தது என்று கேட்டால் விழிக்கக் கூடாது. உடனடியாக ஒரு சூழலைக் கொடுத்து நடிக்கச் சொன்னால் குமரித் தமிழிலேயே பேசுங்கள். வட்டார வழக்கை ஒளிக்கப் பார்த்தால் உடம்பு விறைத்துவிடும்.

பலர் தடுக்கி விழுவது சான்றிதழில். டெல்லிப் பள்ளி பட்டத்தோடு, குறைந்தது 6 நாடகங்களில் பங்கெடுத்த அனுபவத்தையும் கேட்பது வழக்கம். திருவிழா நோட்டீசில் நடிகர் பெயர் இருக்காது. ஆகவே சர்ச் பங்கிலோ கோயில் கமிட்டியிலோ மன்றத்திலோ லெட்டர்பேடில் நாடகப் பெயர், எழுதியவர், இயக்கியவர், தேதி, உங்கள் பாத்திரம் எல்லாம் எழுதி முத்திரையோடு வாங்குங்கள். கமிட்டி மாறிவிட்டால் கையெழுத்துப் போட ஆள் தேட வேண்டியிருக்கும். இந்த மாதமே போய் வாங்கிவிடுங்கள்.