பதினெட்டு பேரும் ஒரு ஒராங்குட்டானும்

கேள்வி: எங்கள் தெருக்காரர்கள் 18 பேர் நவம்பரில் சிங்கப்பூர் போகிறோம். அதில் ஒரு நாள் முழுக்க மிருகக்காட்சிசாலை. வண்டலூர் பார்த்தவர்களுக்கு அது தேவையா? ஆறு பேர் எழுபதைத் தாண்டியவர்கள். ஏஜென்ட் நோட்டீஸில் பனிக்கரடி படம் போட்டிருக்கிறது. பேரன் அதற்காகவே கிளம்புகிறான்.
– வாசகி, மன்னார்குடி

பதில்: பரப்பளவு என்று பார்த்தால் வண்டலூர் 602 ஹெக்டேர். சிங்கப்பூரில் மண்டாய் என்ற இடத்தில் இருக்கும் மிருகக்காட்சிசாலை 30 ஹெக்டேர்கூட வராது. வயதானவர்களுக்கு அதுவே வசதி. உள்ளே டிராமும் ஓடுகிறது. வண்டலூரைப் போல இங்கும் அகழிதான் வேலி, ஆனால் செடிகொடிகளுக்குள் மறைத்துவிட்டதால் கண்ணில் படாது. 1973-ல் திறந்த நாளிலிருந்தே அப்படித்தான்.

சில வருஷம் முன்பு எங்கள் ஓய்வூதியர் குழு 22 பேர் போனோம். நான்தான் தலைவி (மற்றவர்கள் தப்பித்துக்கொண்டார்கள்). எல்லோரும் சேர்ந்தே நடக்க வேண்டும் என்று உத்தரவு போட்டேன். அதுதான் தப்பு. ஒருவர் பாத்ரூம் போனால் 21 பேர் வெயிலில் நிற்போம். பதினொரு மணிக்குத் தலை எண்ணினால் ஒன்று குறைகிறது. எங்கள் பழைய கேஷியர்.

முக்கால் மணி நேரம் தேடினேன். ஒராங்குட்டான்களுக்கு எதிரே ஒரு பெஞ்சில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். அங்கே அவை நம் தலைக்கு மேலேயே மரம் விட்டு மரம் தாவும். தூறல் விழுந்தது. ஒரு தாய் பெரிய இலையை ஒடித்துத் தலைமேல் பிடித்துக்கொண்டது. குட்டி அதைப் பிடுங்கப் பார்த்தது. தாய் அந்தக் கையைத் தட்டிவிட்டு, எட்டி இன்னொரு இலையை ஒடித்து அதன் மடியில் போட்டது. குட்டி அதை வாயில் வைத்து மென்றது. "இதை விட்டுட்டு எங்கே மேடம் வரச் சொல்றீங்க?" என்றார் கேஷியர். திட்ட வந்த நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்றைக்கு நான் நிதானமாகப் பார்த்தது அதை மட்டும்தான்.

அதனால் நீங்கள் நாலைந்து பேராகப் பிரிந்துவிடுங்கள். குழுவுக்கு ஒரு போன், எல்லோரும் கூட ஒரே இடம், ஒரே நேரம். போதும். காலை 8.30-க்குத் திறக்கும்போதே உள்ளே போய்விடுங்கள். நவம்பரில் மதியத்துக்கு மேல் இடியோடு மழை பிடித்துக்கொள்ளும், குடை அவசியம். ரயிலில் போனால் காதிப் நிலையத்திலிருந்து பஸ் உண்டு. 18 பேருக்கு வேன்தான் சௌகரியம்.

வெளியே காட்டுக் குரங்குகள் திரியும், பாலித்தீன் பை கண்டால் விடாது. பாவம் என்று முறுக்கு நீட்டிவிடாதீர்கள். காட்டு விலங்குக்குத் தீனி போடுவது அங்கே 2020-லிருந்து நாடு முழுக்கக் குற்றம். முதல் தடவைக்கே 5,000 டாலர் வரை அபராதம் போடலாம்.

பேரனிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், பனிக்கரடி இல்லை. இனுகா என்று ஒன்று இருந்தது. 1990-ல் அங்கேயே பிறந்தது, வெப்பமண்டலத்தில் பிறந்த முதல் பனிக்கரடி. மூட்டு வலியும் புண்ணுமாகத் தள்ளாடியதால் 2018 ஏப்ரலில் கருணைக்கொலை செய்தார்கள். அதற்கு அப்புறம் வேறு கரடி கொண்டுவரவில்லை. படம் அவ்வளவு பழசு என்றால், டிக்கெட் விலையும் அந்தக் காலத்து விலைதானா என்று ஏஜென்டைக் கேளுங்கள்.