வாசகர் கேள்வி - பதில்: ஒற்றனும் மந்திரவாதியும்

சார், ராஜா காலத்து ஒற்றர் கதை ஒண்ணு எழுதிட்டு இருக்கேன். காமெடியா போகணும், நடுவுல ஆவி மந்திரமும் வரணும். படிச்ச ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் ஒற்றன் கதைல மாந்திரீகம் ஒட்டாதுன்னு சொல்றாங்க. ஒட்டுமா ஒட்டாதா?
- வாசகர், திண்டுக்கல்

தாராளமா ஒட்டும். அந்தக் காலத்துல ஐரோப்பால எது ஒற்று வேலை எது மாந்திரீகம்னு பிரிச்சுப் பாக்கவே முடியாம தவிச்சிருக்காங்க. ஜெர்மனில ட்ரிதேமியஸ்னு ஒரு மடத்துத் தலைவர், 1499ல ஃப்ரெண்டு சாமியார் ஒருத்தருக்கு லெட்டர் போடறாரு, யாருக்கும் தெரியாம ரகசியச் சேதி அனுப்பற வித்தையப் பத்தி புக் எழுதிட்டு இருக்கேன்னு. லெட்டர் போய்ச் சேர்றதுக்குள்ள ஃப்ரெண்டு செத்துட்டாரு, அங்க இருந்தவங்க அதப் பிரிச்சுப் படிச்சுட்டு இவரு பிசாசோட சகவாசம் வச்சிருக்காருன்னு பரப்பிவிட, அந்தப் பேரு 1516ல அவர் சாகற வரைக்கும் போகல. புக்கையும் அச்சுக்குக் குடுக்காமலே போய்ட்டாரு, கையெழுத்துப் பிரதியாவே ஊர் ஊரா சுத்திச்சு.

புக்கு பேரு ஸ்டெகனோகிராபியா. புரட்டினா எந்த ஆவி எந்தத் திசைல இருக்கும், அதக் கூப்பிட என்ன மந்திரம்னுதான் இருக்கும். மந்திரத்துக்கு அர்த்தமே கெடையாது, ஆனா ஒரு வார்த்தைய விட்டு ஒரு வார்த்தை, அதுலயும் ஒரு எழுத்த விட்டு ஒரு எழுத்துன்னு பொறுக்கினா லத்தீன் வாக்கியம் வந்துடும்! தமிழ்ல சின்னதா செஞ்சு காட்டறேன். 'ஓநா ரிளை சுவா'. கேக்க மந்திரம் மாதிரிதானே இருக்கு? ஒவ்வொண்ணுலயும் ரெண்டாவது எழுத்த மட்டும் படிங்க: நாளை வா. இப்படித்தான் ஆவி பேர வச்சு சங்கேதம் சொல்லிக் குடுத்திருக்காரு மனுஷன். 1606ல ஃப்ராங்க்ஃபர்ட்ல அச்சாகறப்போ மந்திரத்த எப்படிப் பிரிக்கணும்கற விளக்கமும் சேந்தே வந்துச்சு, இருந்தும் 1609ல கத்தோலிக்க சபை தடை பண்ண புக்கு லிஸ்ட்ல ஏத்திட்டாங்க.

உங்க ஹீரோவும் இங்கதான் இருக்காரு. ஜான் டீ, இங்கிலாந்துல முதலாம் எலிசபெத் ராணி காலத்து கணக்கு மேதை, ஜோசியர். 1563ல ஆன்ட்வெர்ப்ல அந்தக் கையெழுத்துப் பிரதி இவர் கைல சிக்குது. ராணியோட மந்திரி செசிலுக்கு லெட்டர் எழுதறாரு, ஆயிரம் க்ரௌன் குடுக்கறேன்னு மத்தவங்க கேட்டும் கெடைக்காத புக்கு, பத்து நாள் விடாம உக்காந்து பாதிய காப்பி எடுத்துட்டேன்னு. அந்தப் பத்து நாள ஒரு அத்தியாயமா எழுதுங்க. மெழுகுவத்தி வெளிச்சத்துல ஒருத்தர் அர்த்தமில்லாத எழுத்த ஒண்ணு விடாம காப்பி பண்றாரு, அடுத்த ரூம்காரனுக்கு அது பில்லி சூனியமா தெரியும், மந்திரிக்கு அதுவே ராஜாங்க ரகசியம்.

அந்த டீ ராணிக்கு எழுதற லெட்டர்ல 007னு கையெழுத்து போடுவாராமே?
- வாசகி, நாகர்கோவில்

கேக்க நல்லா இருக்கு, ஆனா உறுதியான ஆதாரம் இல்ல. கதைல வச்சுக்காதீங்கன்னுதான் சொல்லுவேன். நிஜமாவே இவ்ளோ கொட்டிக் கெடக்கறப்போ அது எதுக்கு?

டீ கூட ஒரு ஃப்ராடு பார்ட்னர் இருந்தானாமே, காமெடி ட்ராக்குக்கு அவன் சரிப்படுவானா?
- வாசகர், கோவை

எட்வர்ட் கெல்லிய சொல்றீங்க. 1582ல டால்பட்னு வேற பேர்ல டீ வீட்டுக்கு வந்தவன். நம்மூர்ல வெத்தலைல மை போட்டுப் பாப்பாங்களே அதேதான், மை பாக்கறவன் அவன், டீ பக்கத்துல உக்காந்து தேவதை என்ன சொல்லுதோ அதெல்லாம் நோட்ல எழுதிப்பாரு. அவங்களுக்கு ஸ்படிகக் கல்லு. டீயோடதுன்னு சொல்ற கருப்புக் கண்ணாடி ஒண்ணு லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு, எரிமலைக் கல்லத் தேச்சு செஞ்சது, அந்தக் கல்லு மெக்சிகோல இருந்து வந்ததுன்னு 2021ல ஆராய்ச்சி பண்ணி உறுதி பண்ணாங்க.

ரெண்டு பேரும் 1583ல குடும்பத்தோட கெளம்பி போலந்து, ப்ராக்னு சுத்தறாங்க, 1586ல போப்போட தூதர் புகார் பண்ணவும் ப்ராக்க விட்டு ரெண்டாம் ருடால்ஃப் ராஜா தொரத்திடறாரு. அப்புறம் தங்கம் செய்யறேன்னே கெல்லி பெரிய ஆளாயிடறான், செசிலே திரும்பி வாப்பான்னு கெஞ்சி லெட்டர் போடற அளவுக்கு.

ஆனா ஒண்ணு சொல்லணும். 1587ல பொண்டாட்டி உட்பட எல்லாத்தையும் பொதுவா வச்சுக்கணும்னு தேவதை உத்தரவுன்னு கெல்லி சொல்றான், டீ அத நம்பி ஒத்துக்கறாரு. கேட்டதும் அவர் பொண்டாட்டி ஜேன் கால் மணி நேரம் அழுது நடுங்கினாங்கன்னு அவரே டைரில எழுதி வச்சிருக்காரு. எனக்கு அந்த எடத்துல சிரிப்பு வரமாட்டேங்குது, தயவுசெஞ்சு அத காமெடி ஆக்காதீங்க. டீயவும் கோமாளி ஆக்கிடாதீங்க, அவர் மனசார நம்பினவரு, அந்த நம்பிக்கைய அப்படியே எழுதினாலே படிக்கறவங்க அவர் பின்னாடி வந்துடுவாங்க.

அப்போ காமெடிக்கு எங்க போறது சார்?
- அதே கோவை வாசகர்

பீர் பீப்பாய்க்குப் போங்க. 1586, ஸ்காட்லாந்து ராணி மேரி இங்கிலாந்துல சார்ட்லிங்கற எடத்துல எலிசபெத்தோட காவல்ல இருக்காங்க. சங்கேத லெட்டர் பீர் பீப்பாய்க்குள்ள ஒளிஞ்சு உள்ள வரும் வெளிய போகும், அந்த வழியையே ஏற்பாடு பண்ணது எலிசபெத்தோட ஒற்றர் தலைவர் வால்சிங்கம் ஆளுங்கதான், மேரிக்குத் தெரியாது. பீர் கொண்டு வர்றவன் ரெண்டு பக்கமும் காசு வாங்கிட்டு பீருக்கும் வெலைய ஏத்திக் கேக்கறான்! காவல் அதிகாரி எழுதற லெட்டர்ல இவனுக்குப் பேரே 'நேர்மையான மனுஷன்'. அந்த பீர்காரன் பார்வைல முழுக் கதையும் சொன்னா எப்படி இருக்கும்னு யோசிங்க, எந்த ராணி ஜெயிச்சா என்ன, அடுத்த வாரம் பீப்பாய் போகணும், அவ்ளோதான் அவன் கவலை. மேரியோட முக்கியமான லெட்டர ஒடைச்சுப் படிச்ச வால்சிங்கம் ஆளு ஃபெலிப்ஸ், அனுப்பின காப்பி மேல தூக்குமரப் படம் வரைஞ்சிருந்தாரு. சிரிப்பு அங்க நின்னுடும், 1587 பிப்ரவரில மேரி தலை போச்சு.

ஸ்டெகனோகிராபியால எல்லாத்தையும் ஒடைச்சுட்டாங்களா?
- வாசகர், சேலம்

மொத ரெண்டு பாகம் அப்பவே தெரிஞ்சுடுச்சு. மூணாவது பாகம் கிரகங்க, ஆவிங்க, வரிசை வரிசையா நம்பருன்னு இருந்ததால இது மட்டும் நிஜ மாந்திரீகம்னே ரொம்பப் பேர் நெனச்சுட்டு இருந்தாங்க. 1990கள்லதான் தாமஸ் எர்ன்ஸ்ட், ஜிம் ரீட்ஸ்னு ரெண்டு பேர் தனித்தனியா ஒடைச்சாங்க, அதுவும் சங்கேதம்தான். கிட்டத்தட்ட ஐந்நூறு வருஷம் பூட்டிக் கெடந்த நம்பருக்குள்ள இருந்த சேதில ஒண்ணு: இந்த லெட்டர கொண்டு வர்றவன் போக்கிரி, திருடன், அவன்கிட்ட ஜாக்கிரதையா இருங்க, ஏதோ பண்ணப் பாக்கறான்.

திண்டுக்கல் வாசகரே, உங்க மொத அத்தியாயத்துல அந்த லெட்டர எடுத்துட்டுப் போறவனே உங்க ஹீரோவா இருக்கட்டும்.