சிமென்ட் டீலர்ஷிப்புக்கு 3 லட்சம் கட்டலாமா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். பெரிய கம்பெனி ஒன்றின் சிமென்ட் டீலர்ஷிப் வாங்கித் தருவதாக ஒருவர் 3 லட்சம் கேட்கிறார். வெப்சைட், அங்கீகாரக் கடிதம் எல்லாம் காட்டினார். சிமென்ட் இனி லாபமான தொழில்தானா?

பதில்: பணத்தைக் கட்டாதீர்கள். லாபத்தை அப்புறம் பேசுவோம்.

கம்பெனி பெயரில் ஓரெழுத்தை மாற்றி வெப்சைட் போடுவது இப்போது ஒரு தொழிலாகவே நடக்கிறது. கடிதத்தில் லோகோவும் சீலும் கச்சிதமாக இருக்கும். கீழே உள்ள வங்கிக் கணக்கைப் பாருங்கள். யாரோ தனிநபர் பெயரிலோ, கேள்விப்படாத ‘எண்டர்பிரைசஸ்’ பெயரிலோ இருந்தால் அத்தோடு விடுங்கள். முதலில் பதிவுக் கட்டணம், பிறகு உரிமக் கட்டணம், அப்புறம் முதல் லோடுக்கு முன்பணம். லோடு மட்டும் வராது. ஏற்கெனவே ஏதாவது கட்டியிருந்தால் இன்றே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குப் பேசுங்கள். ஸ்டேஷனில் வங்கியைக் கேள் என்பார்கள், வங்கியில் ஸ்டேஷனுக்குப் போ என்பார்கள். மோசடிக்காரனுக்குக் கணக்கு திறந்து கொடுத்தவர்களை மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள்.

டெபாசிட் கேட்டாலே மோசடி என்றும் நினைத்துவிடாதீர்கள். நிஜக் கம்பெனிகளும் டெபாசிட் வாங்குகின்றன, சில இடங்களில் வங்கி உத்தரவாதமும் கேட்பார்கள். ஆனால் உங்கள் பகுதி சேல்ஸ் ஆபீசர் கடைக்கு வந்து குடோனைப் பார்ப்பார். ஜிஎஸ்டி எண் வாங்குவார், ஒப்பந்தம் போடுவார். பணம் கம்பெனி கணக்குக்கே போகும், ரசீது வரும். நடுவில் ‘வாங்கித் தருபவர்’ எவருக்கும் அங்கே வேலை இல்லை.

சரி, லாபம். சீனாவுக்கு அடுத்து உலகில் அதிக சிமென்ட் தயாரிப்பது இந்தியாதான். வீடு, சாலை, மெட்ரோ என்று தேவைக்கும் குறைவில்லை. ஆனால் ஆலைத் திறன் தேவையைவிட அதிகம். அதனால் சரக்கை டீலர் தலையில் தள்ளுகிறார்கள். கம்பெனிகளும் கைமாறுகின்றன: 2022ல் அம்புஜாவும் ஏசிசியும் அதானியிடம் போயின, சங்கர், கோரமண்டல் மூட்டைகளை விற்ற இந்தியா சிமென்ட்ஸ் 2024 டிசம்பரில் அல்ட்ராடெக் வசமானது. இதனால் ஒரே முதலாளியின் இரண்டு பிராண்டுகள் ஒரே தெருவில் மோதும்.

தமிழக அரசு 2025 ஏப்ரலில் சுண்ணாம்புக்கல் டன்னுக்கு 160 ரூபாய் வரி போட்டது. செப்டம்பரில் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. அரசு ஏற்றினாலும் இறக்கினாலும் பழைய ஸ்டாக்கை வைத்துக்கொண்டு முழிப்பவர் கடைக்காரர்தான்.

உங்கள் லாபம் பில்லில் இருக்காது. தள்ளுபடி பின்னால் கிரெடிட் நோட்டாகத்தான், அதாவது கம்பெனி உங்கள் கணக்கில் வரவு வைக்கும் சீட்டாகத்தான் வரும். அதை நம்பிப் பக்கத்துக் கடைக்காரர் பில் விலைக்கும் கீழே விற்பார், நீங்களும் விற்றாக வேண்டும். போதாததற்குக் கொத்தனாரும் மேஸ்திரியும் கடன் கேட்பார்கள்.

எனவே முதலில் ஊர் டீலரிடம் சப்-டீலராக, சிறிய லோடாக எடுத்துப் பாருங்கள். இறக்கும்போதே மூட்டையில் அச்சிட்ட பேக்கிங் வாரத்தையும் ஆண்டையும் படியுங்கள். மூன்று மாதம் நெருங்கிய சரக்கென்றால் லாரியைத் திருப்பி அனுப்புங்கள்.