சோற்றுப் பசை ஒட்டிய பக்கங்கள்

தங்கச்சி, மட்டக்களப்புக் களுவாஞ்சிக்குடியில் இருந்து கனடாவில் ஸ்காபரோவுக்கு வந்து எட்டு மாதம், மகள் தரம் 5 என்று எழுதியிருக்கிறீர்கள். 'மனித வளர்ச்சியும் பாலியல் சுகாதாரமும்' படிப்பிக்கப் போகிறோம், விருப்பமில்லாவிட்டால் எழுதித் தாருங்கள் என்று பள்ளிக்கூடத்தில் இருந்து கடிதம் வந்திருக்கிறது. அதே கிழமை கோயிலில் ஒரு அண்ணன், இந்த மாதிரிப் பாடங்களைப் பொதுப் பள்ளிக்கூடங்களில் அடியோடு தடைசெய்ய வேண்டும் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு நின்றாராம். ஒரு கையில் வடை, மறுகையில் பேனை என்று நீங்கள் எழுதியதை வாசித்துச் சிரித்தேன். கையெழுத்துப் போடவா, மகளை வகுப்பில் விடவா என்று கேட்கிறீர்கள்.

நான் ஆரையம்பதி. கனடாவுக்கு வந்து 24 வருடம். இந்த விஷயத்தில் ஒரு பெரிய பிழை விட்டவள், அதனால்தான் நீட்டி எழுதுகிறேன்.

முதலில் ஊர்க் கதை ஒன்று. 1993இல் நாங்கள் பத்தாம் வகுப்பு. விஞ்ஞானப் புத்தகம் அரசாங்கம் இலவசமாகத் தருவது. ஒருவர் படித்து முடிய அடுத்த பிள்ளைக்குப் போகும், உங்களுக்கும் தெரியும்தானே. எனக்குக் கிடைத்த புத்தகத்தில் மனித இனப்பெருக்கம் வருகிற இடத்தில் நாலைந்து தாள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. சோற்றுப் பசை. பருக்கையை விரலால் நசுக்கிப் பூசியிருக்கிறார்கள். காய்ந்து மொரமொரவென்று, தடவிப் பார்த்தால் கட்டி கட்டியாகத் தட்டுப்படும். ஓரத்தில் ஒரு எறும்பு வேறு செத்துக் கிடந்தது. ஒட்டியது முன்னம் படித்த பிள்ளையின் தாயா, படிப்பித்தவரா, அந்தப் பிள்ளையேதானா, கடைசி வரைக்கும் தெரியவில்லை.

அந்த வருடம் ஒளித்தொகுப்புப் பக்கத்தை ஒருத்தி தேடவில்லை. எல்லார் கையும் ஒட்டிய இடத்துக்குத்தான் போனது. ஒருத்தி புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கேத்தல் ஆவியில் பிடித்துப் பிரித்தாள். தாள் பிரிந்தது, படம் பாதியில் கிழிந்தது. கிழிந்த பாதியில் என்ன இருந்திருக்கும் என்று வகுப்புக் கெட்டிக்காரி தன் கற்பனையால் நிரப்பிச் சொன்னாள். அவள் சொன்ன பிழையை நான் கல்யாணம் முடிக்கும் வரை நம்பிக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள். ரீச்சரோ, "இது சோதனைக்கு வராது, வீட்டில் வாசியுங்கோ" என்று சொல்லி அடுத்த அலகுக்குப் போய்விட்டார். மறுகா பார்த்தால் சோதனைக்கு அதுதான் வந்தது.

இதில் இன்னொரு வேடிக்கை. பிள்ளை பெரியபிள்ளையானால் கார்ட் அடித்து, லவுட்ஸ்பீக்கர் கட்டி ஊருக்கே சொல்லுகிற சனம் நாங்கள். பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் உழுத்தங்களியும் கொடுத்து மூலையில் இருத்துவோம். இங்கே வந்து ஹோல் எடுத்து, லிமோசினில் ஏற்றிக்கொண்டு வருகிறோம். ஆனால் அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது என்று அவளுக்குச் சொல்ல மட்டும் ஒருவருக்கும் வாய் வராது.

சரி, இனி என் பிழைக்கு வருகிறேன். 2015 பெப்ரவரியில் எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தின் கத்லீன் வின் அரசாங்கம் புதிய சுகாதாரப் பாடத்திட்டத்தை வெளியிட்டது. அதற்கு முந்தியது 1998இல் எழுதினது. உடனே ஃபோனுக்கு ஃபோன் செய்தி பறந்தது, அதுவும் நல்ல தமிழில்: தரம் 1 பிள்ளைக்கே எல்லாம் சொல்லிக் கொடுக்கப் போகிறார்களாம். நானும் நாலு பேருக்கு அனுப்பினேன். மே மாதம் பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பாமல் மறிப்பு நடத்தினார்கள். ரொறன்ரோவில் தோண்கிளிஃப் பார்க் பக்கம் வகுப்புகள் வெறிச்சோடிக் கிடந்தன. தரம் 4 படித்த என் மகளையும் வீட்டில் மறித்தேன். தடைசெய் என்று எழுதின தாளிலும் கையெழுத்துப் போட்டேன். உங்கள் அண்ணனிடம் இருக்கிறதே, அதே மாதிரி ஒரு தாள்.

அந்தப் பாடத்திட்டத்தை நான் வாசித்தேனா? இல்லை. தரம் 1இல் இருந்தது உடல் உறுப்புகளின் சரியான பெயர். ஏன் அது என்று பிறகு ஒரு ரீச்சர் விளக்கினார்: யாராவது தொடக்கூடாத இடத்தில் தொட்டால் சொல்லுவதற்குப் பிள்ளையிடம் ஒரு சொல் இருக்க வேண்டும். நாங்கள் வைத்திருக்கிற செல்லப் பெயரைச் சொன்னால் இங்கே பொலிசுக்கும் விளங்காது, டொக்டருக்கும் விளங்காது.

அடுத்த வருடம் அந்தப் பாடம் வந்தபோது மகளை எடுத்துவிடச் சொல்லிக் கேட்டேன். விட்டார்கள். மற்றப் பிள்ளைகள் வகுப்பில் இருக்க, இவள் லைப்ரரியில் வேறு வேலை செய்துகொண்டு இருந்தாள். இடைவேளைக்கு மணியடித்ததும் கூட்டாளிகள் வந்து, பாதி விளங்கினதையும் பாதி விளங்காததையும் கலந்து இவளுக்குப் படிப்பித்திருக்கிறார்கள். சோற்றுப் பசையேதான், ஊர் மட்டும் வேறு.

சில மாதம் கழித்து, பள்ளிக்கூடத்திலேயே அவளுக்குச் சுகமில்லாமல் வந்துவிட்டது. ஜாக்கெட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மத்தியானம் மட்டும் கதிரையை விட்டு எழும்பாமல் இருந்திருக்கிறாள். கடைசியில் ஒஃபிசில் இருந்து எனக்குக் கோல் வந்தது. போய்ப் பார்த்தால் கூட இருந்த பிள்ளையிடம், "அம்மாவுக்குச் சொல்லாதே, அம்மாவுக்கு இந்தக் கதை பிடிக்காது" என்று சொல்லிக்கொண்டு நிற்கிறாள். அந்தப் பிள்ளை ஒரு சீனப் பிள்ளை. அதுதான் தன் பையில் இருந்து பேட் ஒன்று எடுத்துக் கொடுத்து, எப்படி வைப்பது என்று சொல்லியிருக்கிறது. காரில் வரும்போது இரண்டு பேரும் ஒன்றும் கதைக்கவில்லை.

மகன் தரம் 5க்கு வந்தபோது கொரோனாக் காலம். வகுப்பு குசினி மேசையில், லப்டொப்பில். நான் பின்னால் நின்று இடியப்பம் பிழிகிறேன், அங்கே சுகாதாரப் பாடம் நடக்கிறது. காதைக் கூர்மையாக்கிக்கொண்டு நின்றேன். என்ன சொன்னார்கள் என்றால்: வேர்வை மணக்கும், ஜிம் வகுப்புக்குப் பிறகு ரீசேட்டை மாற்றுங்கள். குரல் உடையும், பயப்பட வேண்டாம். யாராவது ஒன்லைனில் உங்கள் படம் அனுப்பச் சொல்லிக் கேட்டால் பெரியவர் ஒருவருக்குச் சொல்லுங்கள். இதற்காகவா நான் ஒரு நாள் பிள்ளையை மறித்தேன் என்று எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. 1998 பாடம் எழுதும்போது ஒரு பிள்ளையின் கையிலும் கமரா வைத்த ஃபோன் கிடையாது, அதையும் நினைத்துப் பாருங்கள்.

அந்த 1998 பாடத்தைத்தான் 2018இல் டக் ஃபோர்ட் அரசாங்கம் திருப்பிக் கொண்டுவந்தது. மறிப்பு நடத்தின ஆட்களுக்குப் புளுகம் தாங்கவில்லை. அடுத்த வருடம் ஓகஸ்டில் அதே அரசாங்கம் புதியது ஒன்றை வெளியிட்டது. எடுத்துப் பார்த்தால் 2015இல் இருந்ததில் கனக்க அப்படியே இருக்கிறது. சிலதைப் பிந்திய வகுப்புக்குத் தள்ளியிருந்தார்கள். பால் அடையாளம் பற்றியது தரம் 8க்குப் போனது. அது எனக்கே முழுக்க விளங்கின விஷயம் என்று சொல்லமாட்டேன். வீட்டில் அவரும் மகனும் அதைப் பற்றிச் சாப்பாட்டு மேசையில் வாக்குவாதப்பட்டார்கள், ஒத்துப்போகவில்லை. பரவாயில்லை, கதைத்தார்களே.

இப்போது உங்கள் கடிதம். 2019 பாடத்திட்டத்தோடு ஒரு ஒழுங்கும் வந்தது. தரம் 1 முதல் 8 வரை, இந்தப் பகுதி படிப்பிக்க ஆகக் குறைந்தது 20 பள்ளி நாளுக்கு முன் பெற்றோருக்கு அறிவிக்க வேண்டும். வேண்டாம் என்றால் அந்தத் தாளை நிரப்பிக் கொடுக்கலாம். பிள்ளை வகுப்பிலேயே வேறு வேலை செய்யலாம், வேறு அறைக்குப் போகலாம், நீங்கள் வந்து கூட்டிக்கொண்டும் போகலாம். புள்ளி குறையாது. ஆனால் விலக்கு இந்தப் பகுதிக்கு மட்டும்தான். வேறு நேரத்தில் ஒரு பிள்ளை கேள்வி கேட்டு ரீச்சர் பதில் சொன்னால் அதை ஒருவரும் மறிக்க ஏலாது. தாளை நிரப்ப முதல் ரீச்சரிடம் என்ன என்ன சொல்லப் போகிறீர்கள் என்று கேளுங்கள், சொல்லுவார்கள். இங்கிலிஷ் தடக்கினால் ஒஃபிசில் செட்டில்மென்ட் வேர்க்கரைக் கேளுங்கள். புதிதாக வந்த குடும்பங்களுக்கென்றே பள்ளிக்கூடங்களுக்கு வருகிற ஆட்கள் அவர்கள், ஸ்காபரோவில் தமிழில் கதைக்கிற ஒருவர் அகப்படுவார்.

என்னைக் கேட்டால் மகளை வகுப்பில் விடுங்கள். ஆனால் பாடத்துக்கு முதல் நாள் இரவு நீங்களே ஒருக்காக் கதைத்துவிடுங்கள். சொல்தான் வராது, தெரியும். மாதவிடாய் என்றால் புத்தகத்தை வாசிக்கிற மாதிரி இருக்கும், வீட்டுக்குத் தூரம் என்றால் பிள்ளைக்கு விளங்காது. இரண்டையும் சொல்லி, எங்கள் ஊரில் இதை எப்படிச் சொல்லுவோம் என்று கதையாகவே சொல்லுங்கள். சிரிப்பு வந்தால் சிரியுங்கள்.

உங்கள் பிள்ளையை எடுப்பதென்றால் அது உங்கள் வீட்டு முடிவு, நான் தலையிடமாட்டேன். தடை என்பது வேறு. அது என் பிள்ளைக்கும், தாய் தகப்பன் ஒன்றுமே சொல்லாத பிள்ளைக்கும், வீட்டுக்குள்ளேயே ஆபத்தில் இருக்கிற பிள்ளைக்கும் சேர்த்து நீங்கள் முடிவெடுப்பது. அதனால் அந்தத் தாளில் நான் இனிக் கையெழுத்துப் போடமாட்டேன்.

இன்னொரு காரணமும் இருக்கிறது, அதுதான் எனக்குப் பெரிது. சட்டமன்ற உறுப்பினர் விஜய் தணிகாசலம் கொண்டுவந்த பில் 104, தமிழ் இனப்படுகொலைக் கல்வி வாரச் சட்டம், 2021 மே மாதம் ஒன்ராறியோ சட்டமன்றத்தில் நிறைவேறியது. வருடா வருடம் மே 18இல் முடிகிற ஏழு நாள். 2015இல் என்னோடு தடை கேட்டு நின்ற ஆட்கள் பலர் அன்றைக்கு லட்டுப் பகிர்ந்தார்கள். நானும் சாப்பிட்டேன். அந்தச் சட்டத்தை நீக்க வேண்டும் என்று வேறு ஆட்கள் வழக்குப் போட்டார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு இது கூடாது என்பதுதான் அவர்கள் கதையும். வழக்குத் தோற்றது, சட்டம் நிலைத்துவிட்டது. ஆனால் அந்த வழக்குச் செய்தி வாசித்தபோது, நான் கையெழுத்துப் போட்ட தாள் எனக்கு ஞாபகம் வந்தது.

நாங்கள் ஊரில் படித்த சமூகக்கல்விப் புத்தகம் ஞாபகமா? சிங்கள மன்னன் துட்டகைமுனுவின் யானைக்குப் பெயர் கண்டுல என்று இன்றைக்கும் நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். 1990இல் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் சனம் அகதியாய்க் கிடந்ததும், அங்கிருந்து ஆமி ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனதும் எங்களுக்குக் கண்ணுக்கு முன் நடந்தது. பிறகு அண்ணன் மகன் படித்த வரலாற்றுப் புத்தகத்தை ஒருக்கா திறந்து தேடினேன், என் கண்ணில் படவில்லை.

அங்கே எழுதாததை நாங்கள் குறையாகச் சொல்லுகிறோம், சரி. எங்கள் வீட்டிலும் எழுதாத பக்கம் இருந்தது. மகள் தரம் 10இல் வரலாற்றுப் பாடத்துக்காகக் குடும்பக் கதை எழுத வேண்டியிருந்தது. ஒரு நாள் வந்து, "அம்மா, நீங்கள் காத்தான்குடிக்குப் பக்கத்து ஊராமே? 1990 ஓகஸ்டில் பள்ளிவாசலில் என்ன நடந்தது?" என்று கேட்டாள். வகுப்பில் ஒரு பிள்ளையின் தகப்பன் அந்த ஊர். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றேன். இவ்வளவு கிட்டத்தில் இருந்தும், தொழுதுகொண்டு இருந்த முஸ்லிம்களைப் புலிகள் சுட்டதைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு நாளும் வாய் திறந்து கதைத்ததில்லை. மேலால் சோற்றுப் பசை பூசி வைத்திருந்தோம். அன்றைக்கு இரவு பதினொரு மணி மட்டும் இருந்து எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவள் எழுதினாள்.

சமய பாடம் இல்லை என்றும் கவலைப்பட்டிருந்தீர்கள். ஊரில் சமய பாடத்துக்கு மணியடித்தால் சைவப் பிள்ளைகள் இருக்க, வேதக்காரப் பிள்ளைகள் கொப்பியைத் தூக்கிக்கொண்டு வேறு வகுப்புக்குப் போவார்கள். அந்த ஒழுங்கு இங்கே பொதுப் பள்ளிக்கூடத்தில் கிடையாது. முன்னம் காலையில் கிறிஸ்தவச் செபம் சொல்லுகிற வழக்கம் இருந்தது. 1988இல் சட்பரிப் பெற்றோர் போட்ட வழக்கில் நீதிமன்றம் அதை நிறுத்தியது. செபத்தைத்தான் நிறுத்தினார்கள், சமயங்களைப் பற்றிப் படிக்கத் தடையில்லை, தரம் 11இல் உலக சமயங்கள் என்று விரும்பினால் எடுக்கிற பாடமே உண்டு. கத்தோலிக்கப் பள்ளிக்கூடங்களும் அரசாங்கக் காசில் நடக்கின்றன, அது வேறு கதை. தேவாரத்துக்குக் கோயில் வகுப்பு இருக்கிறது, தமிழுக்குச் சனிக்கிழமை வகுப்பு இருக்கிறது. என் மகன் மூன்று வருடம் போய், கடைசியில் அழுது நின்றுவிட்டான். உங்கள் மகள் ஊரில் படித்து வந்த பிள்ளை, தமிழ் தாக்குப்பிடிக்கும்.

கடிதத்தில் கடைசித் தேதி ஒன்று போட்டிருப்பார்கள், முதலில் அதைப் பாருங்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், பிட்டும் மீன் குழம்பும் வைக்கிறேன். என் மகளுக்கு இப்போது இருபது வயது. உங்கள் பிள்ளையோடு தான் கதைக்கிறேன் என்று சொல்லுகிறாள். ஜாக்கெட் கதையை மட்டும் நீங்கள் எடுக்காதீர்கள், அதை அவளே சொல்லுவாள். என்னைவிட நல்லாச் சொல்லுவாள்.