கூரை ஆணிக்கு மாநிலச் சட்டம் எதற்கு?

கேள்வி: அமெரிக்காவில் கட்டட விதிகளை அந்தந்த உள்ளாட்சியே வகுத்துக்கொள்வதுதான் நெடுங்கால வழக்கம் என்று படித்திருக்கிறேன். அப்படியிருக்க, ஃபுளோரிடா மாநிலம் முழுவதற்கும் ஒரே குறைந்தபட்சத் தரத்தை விதித்தது ஏன்? உள்ளூர் நிலைமையை உள்ளூராரைவிட யார் நன்கறிவார்?

பதில்: 1992 ஆகஸ்ட் 24 அன்று ஆண்ட்ரூ சூறாவளி மயாமிக்குத் தெற்கே தாக்கியதில் சுமார் 25,000 வீடுகள் முற்றிலும் அழிந்தன, ஒரு லட்சம் வீடுகள் வரை சேதமடைந்தன. இத்தனைக்கும் அங்கே நடைமுறையில் இருந்த விதிகள் நாட்டிலேயே மிகக் கடுமையானவை என்று பெயரெடுத்தவை. இடிபாடுகளை ஆராய்ந்த பொறியாளர்கள், கூரைப் பலகைகளைப் பிணைக்க ஆணிபோல் அடித்த ஸ்டேப்பிள்கள் (இருமுனைக் கம்பிக் கொக்கிகள்) பல வீடுகளில் அடியிலிருந்த மரச்சட்டத்தில் இறங்காமலே விலகிப் போயிருந்ததைக் கண்டார்கள். மேற்பார்வையிட வேண்டிய ஆய்வாளர்களோ, கட்டப்பட்ட வீடுகளின் எண்ணிக்கைக்கு மிகக் குறைவு. ஆக, விதி ஏட்டுச் சுரைக்காயாகவே இருந்துவிட்டது.

குறைந்தபட்சத் தரம் என்ற எண்ணம் அந்த மாநிலத்துக்குப் புதிதன்று. அங்கீகரிக்கப்பட்ட சில விதித்தொகுப்புகளுள் ஒன்றை ஒவ்வோர் உள்ளாட்சியும் ஏற்க வேண்டும் என்று 1970-களிலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் எதை ஏற்பது, அதில் எதைத் திருத்துவது, எவ்வளவு கண்டிப்போடு செயல்படுத்துவது என்பதெல்லாம் நானூறுக்கும் மேற்பட்ட உள்ளாட்சிகளின் கையில் இருந்ததால், ஓர் ஊரில் செல்லும் ஜன்னல் அடுத்த ஊரில் செல்லாது என்ற நிலை இருந்தது. 1998-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, 2002 மார்ச் 1 முதல் மாநிலம் முழுவதற்கும் ஒரே விதித்தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. உள்ளூர்த் தேவையைக் காட்டி எந்த உள்ளாட்சியும் விதியைக் கூடுதலாகக் கடுமையாக்கலாம். தளர்த்த மட்டும் முடியாது. உங்கள் ஐயத்துக்கு இதுவே என் பதிலும்.

ஆனால் மாநிலமே தளர்த்தினால்? வடமேற்குக் கடலோரப் பகுதியில், காற்றில் பறந்து வரும் பொருள்களிலிருந்து ஜன்னல்களைக் காக்கும் ஏற்பாடு கடற்கரையிலிருந்து ஒரு மைலுக்குள் மட்டும் இருந்தால் போதும் என்று சட்டமன்றமே சலுகை தந்தது. கட்டுமானச் செலவு கூடும் என்பதே சொல்லப்பட்ட காரணம். சில ஆண்டுகளில் சலுகை நீக்கப்பட்டது என்றாலும், அதற்கு முன் கட்டிய வீடுகளைப் புதிய விதி தானாகக் கட்டுப்படுத்தாது. 2018 அக்டோபரில் ஐந்தாம் நிலைச் (உச்ச நிலை) சூறாவளியான மைக்கேல் கரையைக் கடந்தது அதே பகுதியில்தான்.